அடியில் இருந்த புளி உருண்டை

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த வயசுப் பெண்கள் அத்தனை பேருக்கும் காதில் ஈர்க்குதான். தென்னை ஓலையின் நடுநரம்பைச் சின்னதாக நறுக்கிக் காதுத் துளையில் செருகிக்கொள்வோம். இல்லாவிட்டால் துளை தூர்ந்துவிடும். தங்கம் என்ற ஒன்று எந்த வீட்டிலும் கிடையாது. அதாவது, கிடையாது என்று எல்லா அம்மாக்களும் சொன்னார்கள். ஒரு வீட்டில் அது மரவள்ளிப் பாத்திக்கு அடியில் இருந்தது, இன்னொரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எங்கள் வீட்டில் எங்கே இருந்தது என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "உன் வாய் ரேடியோ மாதிரி, ஊருக்கே கேக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தக் கோபம் பல நாள் தீரவில்லை.

அந்த ஈர்க்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். காதில் துடைப்பத்தைச் செருகிக்கொண்டு திரிவது ஒரு பிழைப்பா? குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் ஒரு சாகா மரம் இருந்தது. காய் வெடித்தால் தரையெல்லாம் சிவப்புச் சிவப்பாக விதை கிடக்கும், பவளம் கொட்டியது போல. யாரும் தின்ன முடியாது என்பதால் அந்தப் பஞ்சத்திலும் அது அப்படியே கிடந்தது. ஒரு நாள் இரண்டு விதையைப் பொறுக்கி, பலாப்பழப் பிசினால் ஈர்க்கின் முனையில் ஒட்டினேன். காய்ந்ததும் தோடாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பெண் பார்த்துவிட்டு அந்த ஜோடியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மறுநாள் நாலு பேர் வந்து நின்றார்கள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டுப் பின்வாசல் படி ஒரு கடையாயிற்று. விதையை வேகவைத்து, மெத்தென்று இருக்கும்போதே சூடான ஊசியால் துளை போட்டுக் கோப்பேன். பழைய குடைக்கம்பியை வளைத்து வளையம் செய்வேன். பூசணி விதையை மஞ்சளில் ஊறவைத்து மாலை கட்டுவேன். கழுத்து குட்டையாக இருப்பவளுக்குத் தொங்கட்டான் கொடுக்க மாட்டேன், அவள் அழுதாலும் சரி. முகம் நீளமானவளுக்கு வட்டத்தோடு. பாவாடை வெளுத்துவிட்டதா, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக்கொள். ரவிக்கை கிழிந்துவிட்டதா, ஒட்டுப்போடு, ஆனால் ஒட்டுத்துணியை இலை மாதிரி வெட்டிப் போடு. பார்க்கிறவர்கள் பூவேலை என்று நினைப்பார்கள். கிழிந்த கொசுவலையை மங்குஸ்தீன் தோல் சாயத்தில் முக்கினால் ரிப்பன். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முகப்பவுடரில்தான் மானம் போயிற்று. பவுடர் கிடைக்காத காலம், அரிசி மாவு கண்ணில் பட்டால் தின்றுவிடும் காலம். மரவள்ளி மாவைத் துணியில் சலித்துப் பூசிக்கொள்ளச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோயிலில் மூன்று பெண்கள் வெள்ளை வெளேரென்று போய் நின்றார்கள். வெயிலும் வியர்வையும் சேர்ந்ததும் மாவு கஞ்சியாகி, கஞ்சி காய்ந்து, தீபாராதனை முடிவதற்குள் அவர்களால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒருத்தியின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள். அவள் மகள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பின்னால் நின்றாள்.

இதற்கு நேர்மாறான ஒரு வேலையும் என்னிடம் வந்தது. சிப்பாய்கள் தெருவில் வருகிறார்கள் என்று யாராவது குரல் கொடுத்தால், பெண்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு கொட்டாங்குச்சியில் கரியும் எண்ணெயும் குழைத்து வைத்திருப்பார்கள். எங்கள் கண்ணுக்கு மையும் அதே கொட்டாங்குச்சியில் இருந்துதான். வெறுமனே கரியை அப்பினால் அழகான பெண் கரி பூசியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். கண்ணுக்குக் கீழே குழி, கன்னத்தில் அம்மைத் தழும்பு, இதெல்லாம் வரைய வேண்டும் என்று நான் காட்டிக்கொடுத்தேன். அம்மாக்கள் என்னை மரியாதையாகப் பார்த்தது அதற்கு மட்டும்தான். என் நகைகளை அம்மா ஒரே வார்த்தையில் "குப்பை" என்பாள். அவ்வளவு செய்தும் என் காதில் ஈர்க்குதான் இருந்தது. எனக்கென்று செய்யும் ஒவ்வொரு ஜோடியையும் எவளாவது கெஞ்சி வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

என் அக்காவுக்கு இருபது வயது. சாது. கிள்ளான் ஸ்டேஷன் கேட்டில் பயணிகளிடம் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கும் வேலையில் இருந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவர் ஒரே ஒரு முறை வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் காலில் போட்டிருந்த கட்டைச் செருப்பை மட்டும்தான் பார்த்தாள். அவளுக்கு ஒரு நல்ல ஜோடி செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். நடுவில் சிவப்பு விதை, சுற்றிலும் வெள்ளைப் பாசிமணி. பாசிமணிக்குத்தான் எங்கே போவது?

கடைத்தெருவில் ஒரு நானா, தமிழ் முஸ்லிம் வியாபாரிகளை அப்படித்தான் கூப்பிடுவோம், பொத்தான் கடை வைத்திருந்தார். ஊக்கு, கொக்கி, நூல், லேஸ் எல்லாம் அங்கேதான். கண்ணாடி டப்பா நிறைய வெள்ளைப் பாசிமணி வைத்திருந்தார். ஜப்பான் நோட்டை நீட்டினால் மூக்கைச் சுளிப்பார். "நோட்டு வேணாம் தங்கச்சி. சாமான் இருந்தா கொண்டா. கிள்ளான்ல என் சம்சாரம் மாசமா இருக்குது. புளி, புளின்னு உசுர எடுக்குது. இந்த ஊரு அஸாம் புளி குடுத்தா வேணாம்கிது. ஊர்ப் புளிதான் வேணுமாம்" என்றார்.

ஊர்ப் புளி எங்கள் வீட்டில் இருந்தது. கடல் தாண்டி ஊரிலிருந்து வரும் கப்பல் நிற்பதற்கு முன்னால் வந்தது. அம்மா அதை உப்புப் போட்டு உருண்டை பிடித்து, ஒரு பெரிய ஜாடியில் அடுக்கி, பரணில் வைத்திருந்தாள். அதிலிருந்து கிள்ளிக் கிள்ளித்தான் இரண்டு வருஷமாக ரசம். மேலே இருக்கும் உருண்டையைத் தொட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்பதால், கையை உள்ளே விட்டு அடியில் இருந்ததை எடுத்தேன். கொஞ்சம் கனமாக இருந்தது. நல்ல பழைய புளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு நடந்தேன்.

நானா உருண்டையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, டப்பாவோடு பாசிமணியைக் கொடுத்தார். இரண்டே நாளில் அக்காவுக்குத் தோடு தயார். சிவப்பு நடுவில் இருக்க, வெள்ளை சுற்றிலும் பளிச்சென்று இருந்தது. அக்கா கண்ணாடி முன்னால் போய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். தூங்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

அடுத்த வாரம் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். இளைஞர்களை சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது, கல்யாணத்தைச் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் அவசரம். புதன்கிழமை காலையில் கிணற்றடியில் துணி துவைக்கும்போது அக்கா என் காதோடு சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை அம்மா என் ஜிமிக்கிய எடுக்கப் போறாங்க. எங்க வச்சிருக்காங்க தெரியுமா? யார்கிட்டயும் சொல்லாத. புளி ஜாடியில, அடியில இருக்கற உருண்டைக்குள்ள."

என் கையிலிருந்த அப்பாவின் சட்டை தண்ணீருக்குள் போய்விட்டது. அக்காவின் தோடும் ஜிமிக்கியும்தான் எங்கள் வீட்டில் மிச்சம் இருந்த தங்கம். மற்றதெல்லாம் முதல் வருஷமே அரிசியாகப் போய்விட்டது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, அக்காவின் தங்கத்துக்கு அக்காவுக்கே பாசிமணி வாங்கிப் போட்டிருக்கிறேன். மணவறையில் காதில் ஈர்க்கோடு அவள் உட்கார வேண்டும். அதைவிட, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?  அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை, துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால் தேவலை.

அன்றைக்கே நானா கடைக்கு ஓடினேன். காரணம் சொல்லவில்லை, புளியைத் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் வியர்த்தது. ஒரு அட்டைப் பொத்தானை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இத வச்சுக்க, சும்மா வச்சுக்க" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் கூரையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்.

"அது சம்சாரத்துக்கிட்ட போயிருச்சு. நீயே போய்க் கேட்டுக்க, தங்கச்சி. என்னால முடியாது லா" என்று சொல்லி, கிள்ளானில் வீடு எங்கே என்று அடையாளம் சொன்னார்.

ஒரு புளியைத் திருப்பிக் கேட்பதில் இவருக்கு என்ன முடியாமல் போயிற்று என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அக்காவுக்குக் கிள்ளான் கோயிலில் ஒரு வேண்டுதல் என்று அப்பாவிடம் சொன்னோம். அவர் ரயில்வே குமாஸ்தா, குடும்பத்துக்குப் பாஸ் உண்டு. அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு ரேஷன் வரிசையில் நிற்க வேண்டும், கூட வர முடியாது, இரண்டு குமரிகளைத் தனியாக ரயிலில் அனுப்புவதா? "அப்படின்னா குமரியா போகல" என்று சொல்லிவிட்டு அக்காவை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. அடுப்புச் சாம்பலை எண்ணெயில் குழைத்துத் தலை நரைக்க வைத்தேன். கண்ணுக்குக் கீழே கரிக்குழி, நெற்றியில் சுருக்கம். கொட்டைப்பாக்கை இரண்டு கன்னத்துக்குள்ளும் அடக்கி, பல்லில் வெற்றிலைச் சாறு. அம்மாவின் கிழிந்த வெள்ளைப் புடவை அவளுக்கு. திரைச்சீலையை நான் சுற்றிக்கொண்டேன். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. வெளியே வந்து நின்றதும் அம்மா, "யாரு வேணும்?" என்று கேட்டாள். அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் சிப்பாய்க்கு முன்னால் குனிந்து வணங்க வேண்டும். நான் குனிந்தபடியே இருமினேன், காசநோய்க்காரி போல விடாமல் இருமினேன். அவன் இரண்டு எட்டு பின்வாங்கிக் கையை ஆட்டிப் போகச் சொன்னான். ரயிலில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டே வந்தாள்.

கிள்ளான் ஸ்டேஷன் கேட்டில் டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் அக்கா என் திரைச்சீலையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அந்தக் கட்டைச் செருப்பு தெரிந்துவிட்டது. அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை.

எனக்கு ஏன் அந்த யோசனை வரவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வேன். பின்னால் கூட்டம் தள்ளியது. பாஸை நீட்டினேன். பாஸில் தெளிவாக எழுதியிருந்தது: மகள்கள் இருவர், மணமாகாதவர்கள். முகத்துக்கு அவ்வளவு வேலை செய்தவளுக்குக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

அவர் பாஸைப் படித்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் பாஸைப் படித்தார்.

"பாட்டி, இது யாரு பாஸு?"

"எங்க அப்பாவோடது தம்பி" என்று என் வாய் முந்திக்கொண்டது.

"உங்க அப்பா இன்னும் சர்வீஸ்லயா இருக்காரு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் இருமத் தொடங்கினேன், அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. கன்னத்தில் இருந்த பாக்கு ஒன்று வெளியே தெறித்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் பாக்கைப் பார்த்தார். பாஸில் இருந்த அப்பாவின் பெயரைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் பார்வை போய் அங்கேயே நின்றது. வெள்ளைப் புடவை, நரைத்த தலை, காதில் பளபளவென்று சிவப்புத் தோடு. தலை முதல் கால் வரை கிழவியாக்கிய நான், காதை விட்டுவிட்டேன். நான் செய்த தோடு ஆயிற்றே, அதைக் கழற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை போலும்.

"போங்க பாட்டி. தோடு நல்லாருக்கு" என்று சொல்லிப் பாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் அக்கா அழுதேவிட்டாள். "அவருக்குத் தெரிஞ்சிருச்சுடி. பைத்தியக்காரக் குடும்பம்னு சொல்லி நிறுத்திடுவாங்க." அழுத இடத்தில் கரி வழிந்து, அவள் இன்னும் பத்து வயது கூடிவிட்டாள். அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். நான் அடக்கிக்கொண்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

நானாவின் வீடு ஒரு கடை வரிசைக்குப் பின்னால் இருந்தது. கதவைத் தட்டினோம். நிறைமாதமாக ஒரு பெண் வந்து திறந்தாள். அவள் காது நிறையத் துளைகள், மடலைச் சுற்றி ஐந்தாறு இருக்கும், எல்லாவற்றிலும் ஈர்க்கு. கீழ்த்துளையில் மட்டும் அக்காவின் தோடும் ஜிமிக்கியும் ஆடிக்கொண்டிருந்தன.

"யாரு பாட்டி? வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க" என்று எங்கள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் அவள் காதையே பார்ப்பதைக் கவனித்து அவளாகவே ஆரம்பித்தாள்.

"நல்லாருக்கா பாட்டி? எங்க வூட்டுக்காரர் குடுத்தது. எப்படிக் குடுத்தாருன்னு கேளுங்க. புளிக்குள்ள ஒளிச்சு வச்சு! ஞாயித்துக்கெழம புளியப் பிச்சா, உள்ள இது. நீங்களா வச்சீங்கன்னு கேக்குறேன், மனுசனுக்குப் பேச்சே வரல. அப்புறம் ஆமான்னாரு. கல்யாணமாகி நாலு வருசம். பொத்தான் கடை வச்சிருக்கற ஆளு, ஒரு பொத்தான் வாங்கிக் குடுத்ததில்ல எனக்கு."

நானா ஏன் அப்படி வியர்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தபிறகு அவரால் இல்லை என்று சொல்ல முடிந்திருக்காது. என்னாலும் முடியவில்லை. ஊருக்கே ரேடியோவாக இருந்தவள் சுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

அக்காதான் பேசினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, கன்னத்திலிருந்த பாக்கை எடுத்துவிட்டு, "அக்கா, நான் பாட்டி இல்ல. அது என்னோட ஜிமிக்கி" என்றாள். எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். என் மேல் பழி போடாமல், "தெரியாம மாறிப் போச்சு" என்று முடித்தாள்.

 அந்தப் பெண் ஒரு காதிலிருந்து கழற்றினாள், அடுத்த காதிலிருந்தும் கழற்றினாள். அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்தில் இருந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி இரண்டாக ஒடித்தாள். அதைக் காதில் செருகப்போனவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கச் சிரித்து, சிரிப்போடு கண்ணும் கலங்கிற்று.

"ஆமான்னு சொன்னாரே! என்னா தைரியம் பாரேன். வரட்டும் ஞாயித்துக்கெழம."

அக்கா தன் காதிலிருந்த சிவப்புத் தோட்டைக் கழற்றினாள். என்னைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் காதில் தானே மாட்டிவிட்டாள்.

"இது யாரு செஞ்சது?"

"இவதான்."

"பாசி எங்க கடைப் பாசியா?"

நான் தலையாட்டினேன்.

"அப்படின்னா இது எங்க வூட்டுக்காரர் குடுத்ததுதானே" என்று சொல்லி, அவள் ஒரு தகர டப்பா மூடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். சின்னக் காதுக்கு வட்டத்தோடு எடுப்பாக இருந்தது. அதைச் சொன்னேன். அதற்குள் எனக்கு வாய் வந்துவிட்டது.

புளியில் பாதியை அவள் ஏற்கெனவே தின்றுவிட்டாள். மிச்சத்தில் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். திரும்பும்போது அதே கேட், அதே மாப்பிள்ளை. அக்காவின் முகத்தில் பாதி கிழவி, பாதி குமரி. அவர் பொட்டலத்தைக் காட்டி, "கையில என்ன?" என்றார். "புளி" என்றாள் அக்கா. அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவர் அவள் காதைப் பார்த்தார். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. ஏதோ கேட்க வந்து, கேட்காமல் வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உருண்டையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. புளி போதவில்லை. அவித்த மரவள்ளியைப் பிசைந்து, கருப்பட்டி கலந்து நிறம் ஏற்றி, அதற்குள் ஜிமிக்கியைத் துணியோடு வைத்து, மேலே புளியைப் போர்த்தினேன். போலி நகை செய்தவள் போலிப் புளியும் செய்தேன். வெள்ளிக்கிழமை அம்மா அதை உடைத்தாள். தங்கம் பளபளவென்று வந்தது. புளியை விரலால் அமுக்கி, "என்னடி இது, இப்படிக் கொழகொழன்னு இருக்கு?" என்றாள். "பழசாயிருச்சும்மா" என்றாள் அக்கா, அந்தச் சாது. எதையும் வீணாக்காத அம்மா அதையெல்லாம் அன்றைய குழம்பில் கரைத்துவிட்டாள். அப்பா இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். "இன்னிக்குக் குழம்பு கெட்டியா, நல்லா இருக்கே" என்றார்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. மணவறையில் அக்கா ஜிமிக்கியோடு உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டிவிட்டு நிமிரும்போது மாப்பிள்ளை அவள் காதோடு என்னவோ சொன்னார், அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நான் விடாமல் நச்சரித்ததில் சொன்னாள். "அந்தச் சிவப்புத் தோடு எங்க?" என்று கேட்டாராம். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மீட்டுவந்த ஜிமிக்கியை அந்த மனிதர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் கோபம், மறு பக்கம் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஜப்பான்காரன் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் அத்தானுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. அக்கா அவரை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கொய்னா மாத்திரை வெளியில் எங்கும் இல்லை. இருந்த ஒரே இடத்தில் தங்கம் கேட்டார்கள். அம்மாதான் அக்காவின் காதிலிருந்து ஜிமிக்கியைக் கழற்றப் போனாள். கொக்கி வரவில்லை, நான் பிடித்துக் கழற்றினேன். அதைத் துணியில் முடிந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் காதில் ஈர்க்கைச் செருகும்போது அம்மா அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். புளி ஜாடிக்குள் இருந்தது அத்தானின் உயிர் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அது கிள்ளானிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

அன்று மாலையே டப்பாவின் அடியில் மிச்சம் இருந்த பாசிமணியைக் கொட்டி, சாகா விதை பொறுக்கி வந்து, அக்காவுக்கு அதேபோல் இன்னொரு ஜோடி செய்தேன். பாசிமணி கணக்காக அதோடு தீர்ந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பை என்று சொல்லவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. அத்தான் கண்ணைத் திறந்தபோது அக்கா கஞ்சியோடு குனிந்திருந்தாள், பக்கத்தில் அம்மா. அவர் அக்காவின் காதைப் பார்த்துச் சிரித்தார். குரலே வராமல்,

"புளிப் பொட்டலத்தோட வந்த கெழவிதானே நீ?" என்றார்.

காய்ச்சலில் உளறுகிறார் என்று அம்மா விட்டிருக்கலாம். ஆனால் அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் கதவைப் பார்த்தேன்.

"எந்தப் புளி?" என்றாள் அம்மா.

சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டு ஒன்று விடாமல் சொன்னேன், மரவள்ளிக் குழம்பு வரைக்கும். அம்மா கையில் அகப்பை இருந்தது. அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் என் காதில் இருந்த ஈர்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் செஞ்சியே, உனக்கு ஒன்னு செஞ்சுக்கிட்டியாடி?"

"பாசி தீந்துபோச்சும்மா."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஜாடியை இறக்கினாள். உள்ளே இரண்டே இரண்டு உருண்டை இருந்தது. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பொத்தான் கடைக்குப் போயிட்டு வா" என்றாள். "இனிமே எடுக்கணும்னா மேல இருக்கறத எடு."